அன்ரெனா நட முன் அயலாரைக் கேட்க வேண்டுமா? வாசகர் கேள்வி – பதில்

அனுமதிப்பத்திரம் பெற்றுப் பொழுதுபோக்காக வீட்டிலிருந்தே அலைவழி பேசும் அமெச்சூர் வானொலி பற்றி இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் திருகோணமலையிலிருந்து வந்தவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

ஸ்காபரோவில் இருக்கும் அண்ணா 18 மீற்றர் கோபுரம் நடப் போகிறார். அயலவர்களுக்கு அறிவித்தல் கொடுத்து 30 நாள் பொறுக்க வேண்டுமாம். நான் உவர்மலையில் 12 மீற்றர் கம்பம் நட யோசிக்கிறேன். இங்கேயும் அப்படி ஒரு சட்டம் உண்டா? – வாசகர், உவர்மலை

அண்ணா சொல்வது கனடாவின் விதி. அங்கே அலைவரிசைகளைப் பொறுப்பெடுத்திருக்கும் மத்திய அமைச்சு சிபிசி-2-0-03 என்ற இலக்கத்தில் ஒரு நடைமுறை வைத்திருக்கிறது. கீழே சொல்வது 2014 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்த வடிவத்தின்படி. கைத்தொலைபேசிக் கம்பனியின் கோபுரத்துக்கு மட்டுமல்ல, வீட்டு வளவில் அமெச்சூர்காரர் நடும் கம்பத்துக்கும் அது பொருந்தும். ஆனால் அமெச்சூர்காரருக்கு ஒரு சலுகை உண்டு: மொத்த உயரம் 15 மீற்றருக்குக் குறைந்தால் அயலவரைக் கேட்க வேண்டியதில்லை. உயரத்தைத் தரையிலிருந்து அளக்க வேண்டும். கம்பத்தின் தலையோடு நிறுத்தாமல் அன்ரெனா, இடிதாங்கி எல்லாவற்றின் நுனிவரை சேர்க்க வேண்டும். 14 மீற்றர் கோபுரத்தில் 2 மீற்றர் குத்து அன்ரெனாவைப் பூட்டினால் அது 16 மீற்றர். சலுகை போய்விடும். அண்ணா 18 மீற்றரை விடாப்பிடியாக வைத்திருக்கிறாரா, 14.5 போதுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

15 மீற்றரைத் தாண்டினால் முதலில் மாநகர சபையிடம் போக வேண்டும். சபைக்குச் சொந்த நடைமுறை இருந்தால் அதன்படி நடக்க வேண்டும். இல்லாவிட்டால் அமைச்சின் பொது நடைமுறை. அதில் அறிவித்தல் போக வேண்டிய வட்டத்தின் ஆரம் கோபுர உயரத்தின் மூன்று மடங்கு. 18 மீற்றருக்கு 54. பலர் பிழைவிடுவது இந்த அளவில்தான். ஸ்டே கம்பி (சரியாமல் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பி) கட்டிய கோபுரம் என்றால் 54 மீற்றரைக் கோபுர அடியிலிருந்து அளக்கக்கூடாது, மிக வெளியே உள்ள ஸ்டே கம்பி தரையைத் தொடும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். அந்தக் கம்பியைத் தரையில் பிடிக்கும் நங்கூரம் 12 மீற்றர் தள்ளியிருந்தால் அடியிலிருந்து 66 மீற்றர். அடியிலிருந்து மட்டும் அளந்துவிட்டு ஒரு வரிசை வீடுகளுக்குக் கடிதம் போடாமல் விட்டவர், முழு அறிவித்தலையும் திரும்பக் கொடுக்க வேண்டி வரலாம்.

கடிதம் கிடைத்தவர் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள். கருத்து வந்தால் 14 நாளுக்குள் "கிடைத்தது" என்று எழுத வேண்டும், 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதிலில் திருப்தி இல்லாதவருக்கு மேலும் 21 நாள் உண்டு. 30 மீற்றரும் அதற்கு மேலும் என்றால் உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் போட வேண்டும். எல்லாம் முடிந்தபின் 3 ஆண்டுக்குள் கட்டாவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து.

எந்த ஆட்சேபம் எடுபடும், எது எடுபடாது என்பதையும் அந்த நடைமுறை எழுதியே வைத்திருக்கிறது. எங்களுக்கு இது மிகவும் பிடித்த பகுதி. வேறு இடத்தில் வைக்க முடியாதா, ஏற்கெனவே உள்ள கட்டமைப்பில் பூட்ட முடியாதா, பிள்ளைகள் ஏறாமல் என்ன தடுப்பு, சுற்றாடலோடு பொருந்துமா, கதிர்வீச்சு எல்லைக்குள் இருக்குமா என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். "என் காணி விலை விழும்" என்பதும் "கதிர்வீச்சு எல்லையே பிழை, அதை மாற்று" என்பதும் அங்கே எடுபடாது.

இனி உங்கள் கம்பம். கனடா விதி உவர்மலையில் செல்லாது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கம்பத்தை நடும் விலாசமும் அதில் உள்ள விலாசமும் ஒன்றாக இருக்கட்டும். வீடு மாறியவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். அடுத்து உங்கள் உள்ளூராட்சி மன்றத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். கொங்கிறீற் அத்திவாரத்தோடு 12 மீற்றர் கம்பம் என்று வரைபடத்தைக் காட்டி, கட்டட அனுமதி தேவையா என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரின் கையெழுத்து எல்லாவற்றுக்கும் முன்னால்.

சட்டம் கேட்கிறதோ இல்லையோ, அந்த மூன்று மடங்கு வட்டத்தை நீங்களாகவே எடுத்துச் செய்யுங்கள் என்பதே எங்கள் அறிவுரை. கடற்படையும் விமானப்படையும் இருக்கும் நகரம் இது. புதிதாக ஒரு கம்பமும் கம்பியும் எழும்பினால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள், ஐந்தாமவர் பொலிசுக்குப் போன் எடுப்பார். நட்ட பிறகு விளக்கம் சொல்வதைவிட நட முன் ஒரு தாள் கொடுப்பது மலிவு. 12 மீற்றர் கம்பம், 8 மீற்றரில் நங்கூரம் என்றால் ஆரம் 36 உடன் 8, அதாவது 44 மீற்றர். அந்த வட்டம் ஏறக்குறைய 240 பேர்ச். உவர்மலையில் அது பதினைந்து, இருபது வீட்டுக்கு மேல் வராது. ஒரு பின்னேரத்தில் நடந்தே கொடுத்து முடிக்கலாம்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மிஞ்சக்கூடாது. இப்படி எழுதலாம்: "எனது வளவில் அமெச்சூர் வானொலிக்காக 12 மீற்றர் உயரமான இரும்புக் கம்பம் ஒன்றை நட உள்ளேன். இது கைத்தொலைபேசிக் கோபுரம் அல்ல. ஆகக்கூடிய வலு 100 வாற்ஸ். எனது அழைப்புக்குறி, அனுமதிப்பத்திர இலக்கம் கீழே உள்ளன. கம்பம் நிற்கும் இடமும் ஸ்டே கம்பிகளும் பின்பக்கப் படத்தில் உள்ளன. உங்கள் ரீவியிலோ வேறு சாதனத்திலோ இடையூறு வந்தால் உடனே சொல்லுங்கள், நானே வந்து பார்ப்பேன். இன்ன திகதிக்கு முன் உங்கள் கருத்தைத் தாருங்கள்." திகதி இல்லாத கடிதத்துக்கு யாரும் பதில் போடுவதில்லை, 30 நாள் கொடுங்கள். தமிழில் மட்டும் எழுதாமல் வட்டத்தில் சிங்களம் பேசும் வீடு இருந்தால் சிங்களத்திலும் கொடுங்கள். ஒரு பிரதி கிராம உத்தியோகத்தருக்கு, ஒன்று பொலிஸ் நிலையத்துக்கு. இரண்டிலும் "பெற்றுக்கொண்டேன்" என்ற கையெழுத்தும் திகதியும் வாங்கிக் கோவையில் வையுங்கள்.

ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "விழுந்தால் எங்கே விழும்?" 10 பேர்ச் காணி ஏறக்குறைய 16 மீற்றர் சதுரம். அதன் நடுவில் நின்றாலும் 12 மீற்றர் கம்பம் சரிந்தால் மதிலைத் தாண்டும். "விழாது" என்று மழுப்பாமல், எத்தனை ஸ்டே கம்பி, எவ்வளவு கொங்கிறீற் என்று சொல்லுங்கள். மின்கம்பி மட்டும் விட்டுக்கொடுக்க முடியாத விஷயம்: எந்தத் திசையில் சரிந்தாலும் வீதி மின்கம்பியைத் தொட வாய்ப்பிருந்தால் அந்த இடத்தில் நடவே கூடாது.

பக்கத்து வீட்டார் "கதிர்வீச்சால் புற்றுநோய் வரும், ரீவியும் போய்விடும்" என்கிறார்கள். என்ன சொல்வது? – வாசகர், பாலையூற்று

இரண்டும் வேறு வேறு. முதலாவதைக் கணக்கால் தீர்க்கலாம், இரண்டாவதை அவர்கள் வீட்டு வரவேற்பறையில்தான் தீர்க்க வேண்டும்.

வலுவை 30ஆலும் அன்ரெனாவின் ஈட்டத்தாலும் (ஒரு திசையில் அலையைக் குவிக்கும் மடங்கு) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, தூரத்தால் வகுத்தால் மின்புலம் வரும். இரு பக்கமும் கம்பி நீட்டிய சாதாரண அன்ரெனாவான டைபோலின் ஈட்டம் 1.64. 100 வாற்ஸுக்கு 10 மீற்றர் தூரத்தில் விடை மீற்றருக்கு 7 வோல்ற். நிலத்தில் தெறித்து வருவதைச் சேர்த்து இரட்டித்தாலும் 14. அயனாக்காக் கதிர்வீச்சுக்கான சர்வதேச ஆணையம் 1998இல் பொதுமக்களுக்கு வைத்த எல்லை 7 மெகாஹேட்ஸில் ஏறக்குறைய 33, 10 முதல் 400 மெகாஹேட்ஸ் வரை 28. 2020 திருத்தத்தில் 7 மெகாஹேட்ஸுக்கு எல்லை இன்னும் தளர்ந்தது. பழைய, கடுமையான எண்ணையே அயலவருக்குக் காட்டுங்கள். பேச்சில் விட்டுவிட்டுத்தான் வலு வெளியேறும், பாதி நேரம் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்பதால் உண்மைச் சராசரி இன்னும் குறைவு.

144 மெகாஹேட்ஸ் பக்கம் உள்ள 2 மீற்றர் அலையில் கவனம் வேண்டும். 50 வாற்ஸ் எஃப்.எம்., ஈட்டம் 4 மடங்கு உள்ள குத்து அன்ரெனா என்றால், தெறிப்பைச் சேர்த்து 5.5 மீற்றருக்குள் 28 வோல்ற் எல்லை வந்துவிடும். கீழே நிற்பவருக்குக் கவலையில்லை. பக்கத்து வீட்டு இரண்டாம் மாடி பல்கனி அன்ரெனாவின் மட்டத்தில் இருந்தால்தான் பிரச்சினை. அங்கிருந்து 6 மீற்றராவது தள்ளி வையுங்கள், அல்லது வலுவை 10 வாற்ஸுக்கு இறக்குங்கள். டைபோலின் நுனிகளில் உயர் மின்னழுத்தம் இருக்கும். கை பட்டால் தோல் சுடும். நுனி தரையிலிருந்து 3 மீற்றருக்குக் கீழே வரக்கூடாது.

"ஆபத்தே இல்லை" என்று சத்தியம் செய்யாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் வானொலி அலைகளை "சாத்தியம் இருக்கலாம்" என்ற 2பி பிரிவில் போட்டது. அயலவரின் மகனோ மகளோ அதைத் தேடி எடுத்துக் காட்டத்தான் போகிறார். எல்லையையும் உங்கள் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுப்பதே நேர்மை. ஓர் ஒப்பீடும் உதவும்: ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி 1984 முதல் 2013 வரை திருகோணமலையில் நடத்திய மறு ஒலிபரப்பு நிலையத்தின் சிற்றலைப் பரப்பி ஒன்று 250 கிலோவாற்ஸ். உங்கள் 100 வாற்ஸ் அதில் 2500இல் ஒரு பங்கு.

ரீவிக்கு வருவோம். இங்கே பாதி முறைப்பாடுகளுக்குக் காரணம் ரீவி அன்ரெனாவில் பூட்டியிருக்கும் பூஸ்டர். அது எல்லா அலைவரிசையையும் வேறுபாடின்றிப் பெருக்கும். உங்கள் 7 மெகாஹேட்ஸ் அலை பலமாக வந்ததும் உள்ளே இருக்கும் திரான்சிஸ்டர் திணறும், எல்லாச் சனலும் சேர்ந்து போகும். சோதனை இப்படி: முதலில் உங்கள் வீட்டு ரீவியைப் பாருங்கள். அதிலும் வருகிறதென்றால் பிழை உங்கள் பக்கம். வராவிட்டால் ஒருவரை அயலவர் வீட்டில் இருத்தி, வலுவை 100இலிருந்து 10 வாற்ஸுக்கு இறக்குங்கள். படம் சட்டென்று தெளிந்தால் பூஸ்டர் திணறல். பூஸ்டரைக் கழற்றி நேரே கேபிளைக் கொடுத்துப் பாருங்கள். நகருக்குள் பல வீடுகளில் பூஸ்டரே தேவைப்படாது. தேவையென்றால் அதற்கு முன்னால் 45 மெகாஹேட்ஸுக்குக் கீழே தடுக்கும் வடிகட்டி ஒன்று.

டிஷ் அன்ரெனா வைத்திருப்பவருக்கும் வந்தால், அலை கேபிளின் வெளி உறை வழியே ஏறுகிறது. கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஃபெரைட் (அலையைத் தடுக்கும் காந்தப் பொருள்) வளையம் ஒன்றில் ஐந்தாறு சுற்றுச் சுற்றினால் பெரும்பாலும் அடங்கும். உங்கள் பக்கத்தில் டைபோலின் நடுவில் எஃப்.டி. 240-31 ரக ஃபெரைட் வளையத்தில், ரேடியோவையும் அன்ரெனாவையும் இணைக்கும் கோக்ஸ் கேபிளை 10 முதல் 12 சுற்றுச் சுற்றிய தடுப்புச் சுருள் கட்டாயம். அது இல்லாத கேபிள் தானே அன்ரெனாவாகி, அலையை வீட்டுக்குள் கொண்டு வரும்.

முறைப்பாடு சொல்பவரிடம் நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் நேரக்குறிப்பேட்டோடு ஒத்துப்பார்த்தால், நீங்கள் ஒலிபரப்பாத நேரத்தில் வந்த கோடுகள் எத்தனை என்று இருவருக்கும் தெரியவரும். மலிவு எல்.ஈ.டி. விளக்கும் சூரிய மின் இன்வேட்டரும் செய்த குழப்பம் அமெச்சூர்காரரின் தலையில் விழுவது சாதாரணம்.

வீடு நிலாவெளியில், கடலிலிருந்து ஏறக்குறைய 150 மீற்றர். வேறு அனுமதி ஏதாவது? – வாசகர், நிலாவெளி

உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் நிலத்தின் இயல்பை மாற்றும் கட்டுமானத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். குழி வெட்டிக் கொங்கிறீற் போடுவது இதற்குள் வரும். பிரதேச செயலகத்தில் முதலில் விசாரியுங்கள். உறுதிப் பிரதி, காணி வரைபடம், கம்பத்தின் இடமும் உயரமும் குறித்த படம் ஆகியவற்றைக் கையில் கொண்டு போங்கள். கடலிலிருந்து எத்தனை மீற்றர் என்பதைப் படத்திலேயே எழுதுங்கள். அவசரமென்றால் பனையில் கப்பி கட்டி ஏற்றும் கம்பி டைபோல் போதும். குழியும் இல்லை, கொங்கிறீற்றும் இல்லை. தென்னையில் கட்டுவதாயின் கப்பியின் மறுமுனையில் ஒரு பாரம் தொங்கட்டும். தென்னை ஆடும்போது கம்பி அறாது.

சீனன்குடா விமான நிலையம் கிட்ட. கம்பத்துக்குச் சிவப்பு விளக்குப் போட வேண்டுமா? – வாசகர், சீனன்குடா

அதைத் தீர்மானிப்பது சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை. உயர அனுமதி கேட்டு எழுதுங்கள். இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு, கடல் மட்டத்திலிருந்து நிலத்தின் உயரம், கம்பத்தின் உயரம் நான்கும் வேண்டும். சர்வதேச விதியில் பெரிய ஓடுபாதையைச் சுற்றி 4 கிலோமீற்றர் வரை நிலைய மட்டத்துக்கு மேல் 45 மீற்றர் எல்லை. சமதரையில் 12 மீற்றர் அதைத் தொடாது. ஓடுபாதை முனைக்கு நேரே இருப்பவர் கவனம். அங்கே எல்லைத் தளம் முனையிலிருந்து 60 மீற்றர் தள்ளித் தொடங்கி, 100 மீற்றருக்கு 2 மீற்றர்தான் ஏறும். 600 மீற்றரில் அது 11 மீற்றருக்கும் குறைவு.

12 மீற்றர் கம்பத்துக்கு என்ன பைப், எத்தனை ஸ்டே? சைக்கிளோன் அடித்தால் நிற்குமா? – வாசகர், மூதூர்

ஜீ.ஐ. (நாகப்பூச்சு இரும்பு) பைப் 6 மீற்றர் துண்டாகத்தான் கடையில் கிடைக்கும். கீழே 2 அங்குலம், மேலே ஒன்றரை அங்குலம். ஒன்றரை அங்குலப் பைப்பை 2 அங்குலத்துக்குள் 60 சென்ரிமீற்றர் இறக்கி, இடைவெளிக்குத் தகடு கொடுத்து, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு 10 மில்லிமீற்றர் போல்ட் பூட்டுங்கள். மொத்தம் 11.4 மீற்றர். மரை வெட்டிய சொக்கற்றை மட்டும் நம்பாதீர்கள். மரை வெட்டிய இடத்தில் பைப்பின் சுவர் மெலிந்திருக்கும், கம்பம் முறிவது அங்கேதான்.

காற்று வினாடிக்கு 40 மீற்றர், அதாவது மணிக்கு 144 கிலோமீற்றர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே குச்சவெளி, திரியாய்ப் பக்கம் கரையேறிய புரெவிச் சூறாவளி அதைவிட மெலிந்தது. ஆனால் அதற்கு ஏற்றபடி கம்பம் கட்டுவது சரியல்ல. 40 மீற்றர் வேகத்தில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 100 கிலோ அழுத்தம். இந்தக் கம்பத்தில் 75 கிலோ விழும், ஒரு சிறு குத்து அன்ரெனாவோடு 85 வரும். இதில் 3 எலிமென்ற் யாகி (குறுக்குக் குழாய்கள் கொண்ட திசை அன்ரெனா) ஒன்றை ஏற்ற நினைக்காதீர்கள். அதற்கு முக்கோணக் கோபுரம் வேண்டும்.

ஸ்டே இரண்டு மட்டத்தில், 5.5 மீற்றரிலும் 10.5 மீற்றரிலும், 120 பாகை வீதம் மூன்று திசைக்கு. நங்கூரம் கம்பத்திலிருந்து 8 மீற்றர். மேல் ஸ்டே ஒவ்வொன்றும் 13.2, கீழ் ஸ்டே 9.7 மீற்றர். கட்டும் நீளம் சேர்த்து 75 மீற்றர் வாங்குங்கள். 5 மில்லிமீற்றர் நாகப்பூச்சு உருக்கு வயர் வலுவுக்குத் தாராளம். உப்புக் காற்றுத்தான் அதன் எதிரி. கடலுக்குக் கிட்ட 316 ரகத் துருப்பிடியா உருக்குக்கு இரட்டிப்புச் செலவழித்தாலும் நட்டமில்லை. மீன்பிடிக் கடையில் மலிவாகக் கிடைக்கும் நைலோன் கயிறு நனைந்தால் நீளும், நீலப் பொலிப்புறோப்பிலீன் வெயிலில் பொடியாகும். இரண்டும் வேண்டாம். வயரை 3, 4 மீற்றர் துண்டாக்கி நடுவே மின்சாரம் கடத்தாத முட்டை வடிவ இன்சுலேற்றர் போடுங்கள். 10 மீற்றருக்குக் கிட்டிய துண்டு 14 மெகாஹேட்ஸில் ஒத்திசைந்து அன்ரெனாவைக் குழப்பும். இன்சுலேற்றர் உடைந்தாலும் இரண்டு வளையமும் ஒன்றுக்குள் ஒன்று பிணைந்திருப்பதால் ஸ்டே கழராது. அப்படிக் கோர்க்க வேண்டும், நேரே இரு முனையிலும் கட்டக்கூடாது.

ஒரு முடிச்சுக்கு மூன்று யூ கிளிப். கிளிப்பின் தட்டையான பகுதி இழுவை தாங்கும் நீள வயரில் அமர வேண்டும், வளைந்த போல்ட் வெட்டு முனைப் பக்கம். தலைகீழாகப் போட்டால் போல்ட் நீள வயரை நசுக்கும், காற்றில் அறுவது அந்த நசுங்கிய இடத்திலேயே. ஸ்டேயை முறுக்கி இழுக்கும் ரேண்பக்கிளை இறுக்கியபின் அதன் நடுவே கம்பி கோர்த்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அதிர்வில் தானே சுழன்று தளரும்.

நங்கூரத்துக்கு 45 சென்ரிமீற்றர் கனசதுரக் கொங்கிறீற். அது 219 கிலோ. பெருங்காற்றில் மேல்நோக்கி வரும் இழுவை 90 கிலோவுக்குக் கிட்ட. களிமண்ணில் இது போதும். மணல் நிலத்தில், மாரியில் நிலத்தடி நீர் குழிக்குள் ஏறினால் மிதப்பு விசையால் அதே கட்டி 130 கிலோதான் நிறுக்கும். அங்கே 60 சென்ரிமீற்றர் போடுங்கள், 500 கிலோவைத் தாண்டும், தண்ணீருக்குள்ளும் 300 கிலோ நிறுக்கும். கட்டி 7 நாளாவது நனைந்து கிடக்காமல் ஸ்டேயை இறுக்காதீர்கள்.

மின்னலுக்கு: கம்பத்தின் அடியில் 1.5 மீற்றர் செப்புக் கம்பி அடித்து, அதை வீட்டு மின்னிணைப்பின் புவித்தொடுப்போடு தடித்த வயரால் சேருங்கள். சேர்க்காமல் விட்ட இரண்டு புவித்தொடுப்புக்கு நடுவில்தான் உங்கள் ரேடியோ இருக்கும், மின்னலின் போது வேறுபட்ட அழுத்தம் அதன் வழியே பாயும். சித்திரை மழை இடியிலும் ஐப்பசி இடியிலும் கோக்ஸ் கேபிளைக் கழற்றி வெளியே விடுவதே மலிவான காப்பு.

ஐப்பசியில் வாடைக்கு முன் ஒருமுறை, மாசியில் ஒருமுறை கிளிப்பும் இன்சுலேற்றரும் பாருங்கள். கச்சான் காற்றுக்காலத்தில் எதிர்ப்பக்க ஸ்டே தளர்ந்திருக்கும், அதை அப்போதே இறுக்கினால் மற்றப் பக்கம் அதிகமாக இழுபடும். காற்று விழுந்த ஒரு காலையில், கம்பம் நேரே நிற்கிறதா என்று இரண்டு திசையிலிருந்தும் தூக்குக்குண்டால் பார்த்துவிட்டு இறுக்குங்கள்.